கலிஃபோர்னியாவில் .22 தோட்டா: தட்டுப்பாடு வந்தால் தாக்குப்பிடிக்க எவ்வளவு கையிருப்பு? சட்டம் எங்கே இடிக்கும்?

சான்ஹோசே வாசி:

வணக்கம். என்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது. துப்பாக்கி இரண்டு, இரண்டுமே .22 எல்ஆர்: ரூகர் 10/22, சிஇசட் 457. முதலாவது இரும்புத் தட்டுகளை நேரம் பார்த்து வேகமாகச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டிக்கு, இரண்டாவது கிளப்பில் படுத்துச் சுடும் ஸ்மால்போர் போட்டிக்கு. மாதம் ஒரு போட்டியும் இரண்டு பயிற்சியும் திட்டம். கேள்விகள் இவை:

.22 மட்டும் ஏன் அலமாரியிலிருந்து முதலில் காணாமல் போகிறது? வீட்டில் எவ்வளவு வைத்திருந்தால் சரி?

நெவாடாவில், ரீனோ பக்கம், விலை குறைவு. அங்கே வாங்கிக் காரில் கொண்டுவரலாமா? ஆன்லைனில் வரவழைக்கலாமா?

போன வாரம் கடையில் பின்புலச் சோதனையில் "நிராகரிப்பு" என்று வந்தது. குற்றப் பதிவு எதுவும் கிடையாது. 2021-ல் வாங்கிய ரைஃபிள், அதற்குப் பிறகு வீடு மாறியாயிற்று. காரணம் அதுவாக இருக்குமா?

9 எம்எம் பிஸ்டல் வாங்கினால் தோட்டாவைக் கையால் நிரப்பிக்கொள்வது தட்டுப்பாட்டுக்குத் தீர்வாகுமா?

---

வளையம் பத்து:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சட்டம் பற்றி மற்றவர்கள் எழுதட்டும்.

.22-ன் பிரைமர் (ஊசி அடித்ததும் தீப்பொறி தந்து பவுடரைப் பற்றவைப்பது) 9 எம்எம்மில் இருப்பதுபோல் தனிக் கிண்ணமாக உட்காராது. பித்தளைக் கேஸின் அடியில் வெளியே மடிந்து நிற்கும் விளிம்புக்குள்தான் அது இருக்கிறது. ஈரமான பிரைமிங் கலவையை ஒரு சொட்டுப்போல் கேஸுக்குள் விட்டு, வேகமாகச் சுழற்றி விளிம்பைச் சுற்றிலும் பரவச் செய்து, பிறகு உலர்த்துவார்கள். இந்த வரிசைக்கென்றே கட்டிய இயந்திரங்கள் வேறு எதற்கும் ஆகாது. 9 எம்எம் லைனை ஒரு வாரத்தில் .22-க்குத் திருப்பிவிட முடியாது. அமெரிக்காவில் பெரிய அளவில் .22 செய்பவர்களை விரல்விட்டு எண்ணலாம்: ஐடஹோ லூயிஸ்டனில் சிசிஐ, மின்னசோட்டா அனோகாவில் ஃபெடரல், மிசிசிப்பி ஆக்ஸ்ஃபோர்டில் வின்செஸ்டர், ஆர்கன்சா லோனோக்கில் ரெமிங்டன். இவர்கள் ஏற்கெனவே மூன்று ஷிஃப்ட் ஓட்டுகிறார்கள். புதிய லைன் போட வருடக்கணக்காகும். அது ஓடத் தொடங்கும்போது வாங்குகிற வேகம் இறங்கியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் போடமாட்டார்கள். ஒரு பெட்டியில் கிடைக்கும் லாபமும் 9 எம்எம், 5.56-ஐவிடக் குறைவு. தேவை எகிறும் நேரத்தில் ஆளையும் மூலப்பொருளையும் லாபம் அதிகமான பக்கத்துக்குத்தான் நகர்த்துவார்கள்.

அடுத்தது வாங்குகிற பக்கம். 2012 டிசம்பர் சாண்டி ஹூக் படுகொலைக்குப் பிறகு புதுச் சட்டம் வருமென்ற பயத்தில் தொடங்கிய .22 பஞ்சம் வருடக்கணக்கில் நீடித்தது. 2020-ல் மறுபடியும். அந்த ஓர் ஆண்டில் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் 84 லட்சம் பேர் என்பது துப்பாக்கித் தொழில் சங்கத்தின் மதிப்பீடு. ஆளுக்கு 50 தோட்டா உள்ள பெட்டி இரண்டே இரண்டு என்றாலும் 84 கோடித் தோட்டா கூடுதலாக வேண்டும். இந்த வேகத்துக்கு ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை, அலமாரி காலி.

இனி உங்கள் கணக்கு. முழு ஸ்டீல் சேலஞ்ச் போட்டிக்கு எட்டு ஸ்டேஜ் (தட்டுகளின் அமைப்பு). ஏழு ஸ்டேஜில் ஐந்து ஓட்டம், ஓட்டத்துக்கு ஐந்து தட்டு. அவுட்டர் லிமிட்ஸ் என்ற ஸ்டேஜில் மட்டும் நாலு ஓட்டம். ஆகக் குறைந்தது 195 தோட்டா. தவறவிட்டதைத் திரும்பச் சுடுவதையும் சேர்த்தால் 230. படுத்துச் சுடும் 1600 போட்டிக்கு மதிப்பெண்ணுக்கு 160, குறி சரிபார்க்க 30, 40. மாதம் ஒரு போட்டி, 100 வீதம் இரண்டு பயிற்சி என்றால் 400 முதல் 430. இதை 500 என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மாதம் ஒரு பிரிக். என் கருத்தில் ஒரு கேஸ், 5000 தோட்டா, பத்து மாதத்துக்கு வரும். அது போதும். ஒவ்வொரு மாதமும் சுட்டதைச் சுட்ட மாதமே நிரப்புங்கள். அலமாரி காலியான பிறகு கடைக்கு ஓடுவதால்தான் மூன்று மடங்கு விலை கொடுக்க நேர்கிறது.

இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா வாங்க வேண்டாம். 10/22-க்கு சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டி போதும்: குண்டின் எடை 40 கிரெயின், வேகம் நொடிக்கு 1070 அடி. ஒலியின் வேகத்துக்குக் கீழே என்பதால் பாதி வழியில் ஒலித்தடையைக் கடந்து குண்டு தடுமாறுகிற சிக்கல் இல்லை. போல்ட்டும் சரியாகப் பின்னுக்கு வரும். ஸ்பிரிங் மாற்றிய துப்பாக்கியில் மட்டும் சில நேரம் திணறும், அப்போது சிசிஐயின் வேகம் கூடிய மினி-மேக். 457-க்கு எஸ்கே ஸ்டாண்டர்டு பிளஸ் தோட்டாவில் தொடங்குங்கள்.

தட்டுப்பாட்டில் எல்லோரும் செய்கிற தப்பு: கிடைத்த பிராண்டை வாங்கிவந்து, பத்து சுட்டுப் பார்த்து, "இது என் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லை" என்று தூக்கிப்போடுவது. .22 குண்டின் மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும், விரலால் தடவினால் பிசுபிசுக்கும். பிராண்டுக்குப் பிராண்டு அந்தப் பூச்சு வேறு. பழைய பூச்சு குழாயிலிருந்து போய்ப் புதியது படிய 20, 25 தோட்டாவாவது ஆகும். அதற்குப் பிறகு 50 கெஜத்தில் ஐந்து தோட்டா வீதம் ஐந்து குழு சுட்டு, ஒவ்வொரு குழுவின் துளைகளும் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்று அளந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். நல்ல லாட் (ஆலையில் ஒரே தடவையில் செய்த தொகுதி) அகப்பட்டால் பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணில் வாங்குங்கள். ஒரே பெயர்தானே என்று வேறு லாட்டை எடுத்தால் குழு இரண்டு மடங்கு விரிவது உண்டு.

வெடிக்காத தோட்டா பற்றியும் சொல்லிவிடுகிறேன், மலிவான மொத்தப் பெட்டிகளில் இது அதிகம். பிரைமிங் கலவை விளிம்பைச் சுற்றி முழுதாகப் பரவாமல் ஓர் இடைவெளி விட்டிருக்கும். ஊசி அங்கே விழுந்தால் "டிக்" சத்தம் மட்டும்தான். குழாயைக் குறிப்பக்கமே வைத்து 30 நொடி காத்திருங்கள். பிறகு வெளியே எடுத்து, ஊசித் தடம் வேறு இடத்தில் விழும்படி திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். ஆனால் சத்தம் மந்தமாக "புப்" என்று கேட்டால் அது வேறு விஷயம். குண்டு குழாய்க்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுடாமல் போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தே ஆகவேண்டும்.

---

பே ஏரியா ரேஞ்ச் ஆபீசர்:

நிராகரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டு முகவரிதான். பதற வேண்டாம்.

2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு தோட்டா வாங்கலுக்கும் சோதனை. 2016-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 63-ஆம் முன்மொழிவின் தொடர்ச்சி இது. சாதாரணச் சோதனை என்ன பார்க்கிறது தெரியுமா? உங்கள் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயர், பிறந்த தேதி, முகவரி, எண் எல்லாம் ஏஎஃப்எஸ் என்ற மாநிலத் துப்பாக்கிப் பதிவேட்டில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று. துப்பாக்கி வாங்கிய அன்று கடைக்காரர் எதைத் தட்டச்சு செய்தாரோ அதுதான் அங்கே இருக்கும். நீங்கள் வீடு மாறியது அதற்குத் தெரியாது. முதல் ஏழு மாதத்தில் மட்டும் 1,01,047 பேர் இப்படி நிராகரிக்கப்பட்டார்கள், ஏறக்குறைய 16 சதவீதம். இது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. அதில் மிகப் பெரும்பான்மை பதிவுப் பொருத்தமின்மை.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல், பெயர். இனிஷியலை விரித்து அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும், அல்லது முன்பின் மாறியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, துப்பாக்கிப் பதிவில் வேறு மாதிரி இருந்தாலும் "பொருந்தவில்லை" என்றே வரும். வீட்டு எண்ணும் அப்படித்தான். "அபார்ட்மென்ட்" என்று ஒரு இடத்திலும் வெறும் எண் குறியாக இன்னொரு இடத்திலும் இருந்தால் அதையும் சரிபாருங்கள்.

திருத்துவது எப்படி என்றால், மாநில நீதித்துறையின் சிஃபார்ஸ் தளத்தில் கணக்குத் திறந்து, ஏஎஃப்எஸ் தனிவிவரத் திருத்த விண்ணப்பத்தைப் போட வேண்டும். துப்பாக்கியின் வரிசை எண்ணையும் வாங்கியபோது கொடுத்த ரசீதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு இதைச் செய்யுங்கள். வரிசை தவறினால் மறுபடியும் பொருந்தாது. திருத்தம் ஏற நாளாகும், ஆகவே போட்டிக்கு முந்தைய வாரம் தொடங்காதீர்கள்.

அவசரமென்றால் அடிப்படைச் சோதனை என்று ஒன்று உண்டு. 19 டாலர். ஏஎஃப்எஸ் பதிவே தேவையில்லை, ஆனால் பதில் வரப் பல நாள் ஆகலாம். அனுமதி வந்த 30 நாளுக்குள் வாங்கிவிட வேண்டும், அதுவும் ஒரே முறை. சாதாரணச் சோதனைக்கு முன்பு 1 டாலர், 2025 ஜூலை முதல் 5 டாலர். வாங்கும் ஒவ்வொரு முறைக்கும் தனியாக. ஆகவே மாதம் ஒரு பெட்டி என்று போகாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வாங்குவது கட்டணத்திலும் மிச்சம்.

அடையாள அட்டை ரியல் ஐடியாக (மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ற உரிமமாக) இருக்கட்டும். "ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை" என்று அச்சிட்ட உரிமம் மட்டும் போதாது, கூடவே சட்டப்படி இங்கே வசிப்பதற்கான ஆவணத்தையும் காட்டச் சொல்வார்கள்.

ரீனோ விஷயம்: கூடாது. 2018 ஜனவரி 1 முதல், இந்த மாநிலத்தில் வசிப்பவர் வெளி மாநிலத்தில் வாங்கிய தோட்டாவைத் தானே எல்லைக்குள் கொண்டுவர முடியாது. இங்கே உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் அனுப்பி, அவர் வழியாகச் சோதனை முடித்துத்தான் எடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் வாங்கியதை நெவாடாப் போட்டிக்குக் கொண்டுபோய் மீந்ததைத் திருப்பிக் கொண்டுவருவது இதில் சேராது. அதற்காகவாவது இங்கே வாங்கிய ரசீதை அந்தப் பெட்டியோடே வைத்திருங்கள்.

ஆன்லைன் சரி, ஆனால் வீட்டுக்கு வராது. உள்ளூர் விற்பனையாளர் முகவரிக்குத்தான் வரும். சில வெளி மாநிலக் கடைகள் கலிஃபோர்னியா என்றாலே அனுப்புவதில்லை. ஆர்டர் போடும் முன் உள்ளூர்க் கடைக்குப் போன் செய்து, கையாளும் கட்டணம் பெட்டிக்கா, மொத்தத்துக்கா என்று கேளுங்கள். பெட்டிக்கு என்றால் மலிவு விலை அங்கேயே கரைந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் மாநிலத்தின் 11 சதவீத வரியும் உண்டு. உற்பத்தியாளர் கட்டும் 11 சதவீத மத்திய வரி விலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

"கோர்ட் அந்தச் சோதனைச் சட்டத்தை ரத்துசெய்துவிட்டது" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜனவரி 30 அன்று சான்டியாகோ மாவட்ட நீதிபதி பெனிட்டஸ் ரத்துசெய்தது உண்மை. சில நாளிலேயே ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வழக்கு மேலே போய்க்கொண்டே இருக்கிறது. தீர்ப்புச் செய்தியைப் படித்துவிட்டு ரீனோவுக்கு வண்டி எடுக்காதீர்கள். நடைமுறையில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. உரிமம் பெற்ற ரேஞ்சில் வாங்கி, அந்த வளாகத்தைவிட்டு வெளியே எடுத்துப்போகாமல் அங்கேயே சுட்டு முடித்தால் சோதனை தேவையில்லை. பதிவு திருந்தும்வரை உங்கள் பயிற்சி நிற்க வேண்டியதில்லை. ஒரு பெட்டி மீந்தால் பைக்குள் போடாமல் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

---

சான்ஹோசே வாசி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. முகவரிதான், ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டேன். பழைய அபார்ட்மென்ட் எண் இருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. கூட வேலைபார்க்கும் தம்பி ஒருவர், எச்-1பி விசா. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பார்க்கவேண்டும் என்கிறார், கூட்டிப்போகலாமா? கிளப்பில் நாலு பேர் சேர்ந்து ஒரு கேஸ் வாங்கி, ஆளுக்கு 1250 என்று பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள், அது சரியா?

---

பே ஏரியா ரேஞ்ச் ஆபீசர்:

தம்பியை இப்போதைக்குக் கூட்டிப்போகாதீர்கள். இதில் நம்மவர்கள் பலர் தெரியாமலே மாட்டுகிறார்கள், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

மத்தியச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. எஃப்-1, எச்-1பி, எல்-1 எல்லாம் இதில் வரும். "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ரேஞ்சில் பத்து நிமிடம் வாடகைக்குக் கையில் பிடிப்பதும் அதேதான். ஒரே ஒரு தோட்டாவும் அதேதான். கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டிருக்கிறது, வேலை அனுமதி அட்டை வந்துவிட்டது என்பதெல்லாம் இதை மாற்றாது. தண்டனை உச்சவரம்பு 2022-ல் 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்ந்தது. அதைவிடப் பெரிய அடி குடியேற்றத்தில்: துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்கே காரணமாகும்.

விதிவிலக்கும் அதே சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. உண்மையில் வேட்டைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கலிஃபோர்னியாவில் அதற்கு முதலில் வேட்டைக் கல்விப் படிப்பு முடிக்க வேண்டும், அதிலேயே துப்பாக்கிப் பாதுகாப்பும் வந்துவிடும். உரிமம் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரைக்கும்தான். மே மாதம் எடுத்து அடுத்த வருடம் வரை செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. தம்பி அதை எடுத்து, காகிதத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வரட்டும். முதல் முறைக்கு முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது, தம்பியின் நிலைமையைப் பார்த்து வக்கீல்தான் சொல்ல முடியும். ரேஞ்ச் கவுண்டரில் "பரவாயில்லை சார், எல்லோரும் சுடுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் அது சட்ட ஆலோசனை ஆகாது.

கேஸைப் பிரிப்பது: வேண்டாம். இங்கே ஒருவர் இன்னொருவருக்குத் தோட்டா விற்பதும் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் நடக்க வேண்டும். ஒருவர் பெயரில் சோதனை முடித்து வாங்கி, காரின் பின்பக்கத்தைத் திறந்து நாலாகப் பிரித்துப் பணம் வாங்கினால் அது சோதனையில்லாத விற்பனை. நாலு பேரும் ஒரே நாளில் அதே கடைக்குப் போய் அவரவர் பெயரில் 1250 எடுங்கள். கேஸ் விலை கொடுக்கிறீர்களா என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டால் பல கடைகள் இறங்கிவருவார்கள்.

---

ஹூஸ்டன் பிரைமர்:

இங்க டெக்சாஸ்ல இந்தச் சோதனை எதுவும் கிடையாது, அதனால சட்டத்துல நான் தலையிடல. கையால நிரப்புறதப் பத்தி மட்டும்.

.22-ஐ நிரப்ப முடியாது. விளிம்புல ஊசி விழுந்து நசுங்கினதோட அந்தக் கேஸ் முடிஞ்சுது. 9 எம்எம் நிரப்பலாம், ஆனா தட்டுப்பாட்டுக்கு அது மருந்துன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. தோட்டா கிடைக்காத அதே மாசத்துல பிரைமரும் கிடைக்காது. ஆலைக்காரங்களுக்குத் தோட்டாவா வித்தா லாபம், பிரைமரா வித்தா கம்மி. அதனால வெளியில விடுறத முதல்ல நிறுத்துறது பிரைமரத்தான். 2019-ல ஆயிரம் பிரைமர் 30 டாலர் சுத்தி இருந்துச்சு, 2021-ல நூறைத் தாண்டிருச்சு. அதுல உள்நாட்டுல பெரிய அளவுல பண்றவங்க நாலு பேர்தான்: சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன். மத்தது இறக்குமதி. பவுடர்லயும் இடி. உக்ரைன் போருக்குப் பீரங்கிக் குண்டுத் தேவை ஏறினதுல பவுடருக்கு மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் இழுபறி ஆகி, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வர்ற டப்பாப் பவுடர் சுருங்குச்சு. ரஷ்யத் தோட்டாவுக்கு 2021 செப்டம்பர் 7-ல இருந்து புது இறக்குமதி அனுமதி கிடையாது. அதனால மலிவான எஃகுக் கேஸ் தோட்டாவும் போச்சு.

கணக்கப் பாருங்க. குண்டு 9, 10 சென்ட். பிரைமர் 6-லிருந்து 8. ஒரு பவுண்டு பவுடர்ல 7000 கிரெயின், தோட்டாவுக்கு 5 கிரெயின்னு தோராயமா எடுத்தா 1400 தோட்டா வரும், அதாவது 2, 3 சென்ட். கேஸ் பொறுக்கினது, ஓசி. மொத்தம் 17-லிருந்து 21. கடைத் தோட்டா சாதாரணக் காலத்துல 22, 25-க்கு வருது. பிரஸ், டை, தராசுன்னு நிரப்புற கருவி வாங்குற காசு திரும்பக் கைக்கு வர ரொம்ப வருஷம் ஆகும். .45, .38 சுடுறவங்களுக்கும், துல்லியத்துக்கு .308 நிரப்புறவங்களுக்கும்தான் இதுல பெரிய மிச்சம்.

அப்பவும் இறங்குறீங்கன்னா, மலிவாக் கிடைக்கும்போது பிரைமரையும் பவுடரையும் முதல்ல சேருங்க. ஆன்லைன்ல வாங்கினா அபாயப் பொருள் கட்டணம்னு பார்சலுக்கு ஒண்ணு போடுவாங்க, ரெண்டையும் ஒரே பார்சல்ல வரவழைங்க. கலிஃபோர்னியாவுல சோதனை நிரப்பி முடிச்ச தோட்டாவுக்குத்தான், பிரைமருக்கும் பவுடருக்கும் இல்ல. தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தோட என்எஃப்பிஏ 495 விதிப்படி வீட்டுல புகையில்லாப் பவுடர் 20 பவுண்டு, பிரைமர் 10,000 வரைக்கும். உங்க நகரத் தீயணைப்பு விதி இதைவிடக் கடுமையா இருக்கலாம், கேட்டுக்குங்க. பவுடரை வந்த டப்பாவுலயே வைங்க. ரப்பர் பட்டை போட்ட ராணுவ இரும்புப் பெட்டியில பவுடரையோ பிரைமரையோ போட்டு இறுக்கி மூடவே கூடாது. தீப்பிடிச்சா அழுத்தம் ஏறி வெடிகுண்டு மாதிரி ஆகிடும். அந்தப் பெட்டி முழுத் தோட்டாவுக்கு சரி, சிலிக்கா பை ஒண்ணு போட்டு வைங்க. பவுடர் அளவு நெட்ல யாரோ எழுதினதை எடுக்காதீங்க, பவுடர் கம்பெனி வெளியிடுற அட்டவணையில குறைஞ்ச அளவுல இருந்து தொடங்குங்க. ரெண்டு தடவை பவுடர் விழுந்துட்டா 9 எம்எம் கேஸ்ல கண்ணுக்குத் தெரியாமப் போக வாய்ப்பு உண்டு, குண்டு வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேஸையும் விளக்கு வெளிச்சத்துல எட்டிப் பார்த்தே ஆகணும்.

ஒரு விஷயத்துல மட்டும் வளையம் பத்தோட எனக்கு உடன்பாடு இல்ல. 5000 பத்தாது. போன பஞ்சம் ரெண்டு வருஷம் ஓடுச்சு. இடமும் காசும் இருந்தா 10,000 வைங்க. .22 கெட்டுப்போற சாமான் இல்ல.

---

வளையம் பத்து:

ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. 10,000-ஐ மலிவான நாளில் ஆறு மாதத்தில் சேர்த்தால் சரி. செய்தியைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் அள்ளினால் கூடாது. கிளப் ஜூனியர் பிள்ளைகளுக்கான .22-ஐத்தான் அது முதலில் காலி செய்கிறது. பஞ்சத்தில் பயிற்சியை நிறுத்தியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான், வீட்டில் பத்துப் பெட்டி வைத்திருந்த பெரியவர்கள் இல்லை. வைக்கும் இடமும் முக்கியம். கராஜில் கோடை வெயிலில் மெழுகுப் பூச்சு இளகி ஒழுகிவிடும். வீட்டுக்குள் அலமாரியில் வைத்து, பெட்டி மேல் வாங்கிய மாதத்தை எழுதி, பழையதை முதலில் எடுங்கள்.

---

காற்றுத்துப்பாக்கி:

செலவைக் குறைப்பது பற்றி யாரும் எழுதவில்லை. மாதம் 500-ல் பாதியை வெடிக்காமலே கற்றுக்கொள்ளலாம்.

வெற்றுச் சுடுதல் .22-ல் கவனமாகச் செய்ய வேண்டியது. தோட்டா இல்லாமல் விசையை அழுத்தினால் பல துப்பாக்கிகளில் ஊசி நேராகச் சேம்பரின் (குழாயில் தோட்டா உட்காரும் இடம்) உதட்டில் மோதும். நாளடைவில் அங்கே சிறு பள்ளம் விழுந்து, தோட்டா உள்ளே போவதும் வெளியே வருவதும் திணறும். 10/22-ல் கையேடே அனுமதிக்கிறது. மற்றவற்றுக்கு ஹார்டுவேர் கடையில் விற்கும் 4-6 எண் மஞ்சள் பிளாஸ்டிக் சுவர் ஆங்கர் வாங்குங்கள், சுவரில் திருகு போட வைப்பார்களே, அதேதான். சேம்பருக்குள் சரியாக உட்காரும், அதன் விளிம்பு ஊசியை வாங்கிக்கொள்ளும். நூறு உள்ள பாக்கெட் சில டாலர்தான். பத்துப் பதினைந்து அடி வாங்கிய பிறகு விளிம்பில் பள்ளம் தெரியும், திருப்பிப் போடுங்கள். நாலு பக்கமும் அடிபட்டதும் தூக்கிப் போட்டுவிடுங்கள். தொடங்கும் முன் அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, பெட்டியை வேறு அறைக்கு எடுத்துப்போய் வைத்துவிட்டு வாருங்கள்.

படுத்துச் சுடும் பயிற்சிக்கு 10 மீட்டர் காற்று ரைஃபிள் உண்மையிலேயே உதவும். 4.5 எம்எம் தட்டைத்தலை பெல்லட் 500 உள்ள டின்னாக வரும். தோட்டாச் சோதனை இதற்குக் கிடையாது, பஞ்சத்திலும் பெரும்பாலும் கிடைக்கும். குண்டு குழாயைவிட்டு மெதுவாக வெளியேறுவதால் விசை இழுத்த பிறகு நீங்கள் செய்யும் அசைவும் அட்டையில் தெரிந்துவிடும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அடித் தையலுக்குள் ஒரு .22 உருண்டு கிடந்தாலும் எக்ஸ்-ரேயில் தெரிந்துவிடும். சென்னையில் இறங்கும்போதோ திரும்பும்போதோ பிடிபட்டால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் இருந்தது என்று நிரூபித்துப் பல வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன, ஆனால் அது வரைக்கும் விமானமும் போய் விடுப்பும் போய் வக்கீல் செலவும் ஆகியிருக்கும்.

---

சான்ஹோசே வாசி:

457-க்கும் அந்த மஞ்சள் ஆங்கரேவா? நீளம் எவ்வளவு?

---

காற்றுத்துப்பாக்கி:

ஆமாம், அதேதான். பாக்கெட்டில் 4-6 எண், முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், எட்டில் ஏழு அங்குலம் என்று போட்டிருக்கும். எக்ஸ்ட்ராக்டர் (கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) அதைப் பிடித்து வெளியே இழுக்காமல் போகலாம். உள்ளே தங்கிவிட்டால் கத்தி முனையால் நெம்பாதீர்கள், வாய்ப்பக்கமிருந்து சுத்தம் செய்யும் கம்பியால் மெதுவாகத் தள்ளினால் விழுந்துவிடும். எடுத்து எண்ணி டப்பாவில் போட்ட பிறகுதான் துப்பாக்கியை ரேஞ்சுக்கு எடுக்க வேண்டும்.